அப்பா விட்டுப்போன 118 வழக்குக் கட்டுகள்

அப்பாவுக்குப் பால் தெளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாயி, இப்பக் கேக்கக் கூடாதுதான். எங்க வீட்டுப் பத்திரம் வக்கீலய்யாட்ட இருக்கு. பத்திரமா இருக்குல்ல?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எல்லாம் பதினாறு முடிஞ்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். செத்தவர் உடம்பு சாம்பலாகி ஒரு நாள் ஆகவில்லை, இவருக்குப் பத்திரம் கேட்கிறதா என்று அன்று இரவு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறவர்கள் படியுங்கள். வக்கீலிடம் கேஸ் கொடுத்திருக்கிறவர்களும் படியுங்கள்.

அப்பா மேலூரில் வக்கீல். மதுரை சட்டக் கல்லூரியில் படித்து 1982-ல் பதிவு செய்தார். நாற்பத்திரண்டு வருஷம் அதே ஊர், அதே கோர்ட், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அதே வாடகை அறை. பெரிய வக்கீல் என்று சொல்ல மாட்டேன். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்கால் தகராறு, மற்ற மாதங்களில் வரப்புத் தகராறு, நடுநடுவே பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், செக் கேஸ், அடிதடி. ஐகோர்ட் கிளை வருவதற்கு முன்பு அப்பீல் என்றால் சென்னைதான். கேஸ் கொடுத்த கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் போவார், மறுநாள் இரவு ஏறித் திரும்புவார், காலையில் குளித்துவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபோது, மேலூர் ரோட்டிலேயே, யானைமலைக்குப் பக்கத்தில் ஐகோர்ட் வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் பலரும் அங்கே மாறினார்கள். அப்பா மாறவில்லை. "அங்க போனா எட்டு மணிக்கு வீட்டுச் சாப்பாடு கிடையாது" என்பார். சிரிப்புக்காகச் சொல்வது போல இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து ஊரில் இருக்கிற நாளில் எட்டு மணிக்கு மேல் அவர் ஆபீஸில் இருந்ததில்லை. எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் ஸ்கூட்டர் பெட்டியில் அம்மாவுக்கு மல்லிகை இருக்கும், அப்பத்தாவுக்கு வெற்றிலை இருக்கும்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று யார் வந்தாலும் முதல் தடவையே பிராது எழுத மாட்டார். "போய் பெரியவங்கள வச்சுப் பேசிட்டு வா" என்று இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்புவார். அதில் பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள், பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இப்படிப் பிழைத்தால் எப்படி என்று அம்மாவே சண்டை போட்டிருக்கிறாள். இன்னொரு பழக்கம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கும்போது முழுசையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். எட்டுப் பக்கம் இருந்தாலும் எட்டையும். "படிச்சுக் காட்டாம ரேகை வாங்குனா அது திருட்டு" என்று குமாஸ்தா மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

2024 ஏப்ரல் 19 தேர்தலுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். 23-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குவதை இந்த வருஷம் டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடிகாலை நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், பத்து மணிக்கு முடிந்துவிட்டது. வயசு 67. மேஜையில் ஜூலை 1 முதல் அமலுக்கு வரவிருந்த புதுக் குற்றவியல் சட்டங்களின் புத்தகங்கள் இருந்தன, பென்சிலை உள்ளே வைத்தபடி. "420-ன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இனி 318-ன்னு சொன்னா எவனுக்குப் புரியும்" என்று ஒரு வாரம் முன்புதான் அலுத்துக்கொண்டார்.

நான் ஒரே பிள்ளை. மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் சார்ஜாவில், பத்து நாள் லீவில் வந்து போய்விட்டார். அம்மாவுக்கு பேங்க் ஸ்லிப் நிரப்பக்கூடத் தெரியாது. அப்பா செய்ய விட்டதில்லை. ஆக எல்லாம் என் தலையில். முதல் அடி இறப்புச் சான்றிதழில் விழுந்தது. ஊர் மேலூர்தானே என்று மேலூர் நகராட்சிக்கு இரண்டு தடவை அலைந்தேன். உயிர் எங்கே போனதோ அந்த இடத்தில்தான் இறப்பைப் பதிய வேண்டும், சொந்த ஊரில் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் போனதால் மதுரை மாநகராட்சி. 21 நாளுக்குள் பதிந்தால் சிக்கல் இல்லை. அங்கே ஒரு படிவத்தை நீட்டுவார்கள் பாருங்கள், அதை அழுதுகொண்டிருக்கிறவர் கையில் கொடுக்காதீர்கள். நான் அப்பாவின் இனிஷியலை ஆதாரில் இருக்கிற மாதிரி விரித்து எழுதாமல் ஒரே எழுத்தாக எழுதிவிட்டேன். அதைத் திருத்த ஆறு வாரம். ஆதார், பேங்க் பாஸ்புக், பார் கவுன்சில் அட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை எழுதுங்கள்.

இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அந்த குமாஸ்தா தெனமும் ஆபீஸைத் திறந்து என்னமோ பண்றாரு. கட்டுகளை வேற வக்கீலுக்குக் கமிஷனுக்குத் தள்ளிவிடுவாரு. சாவியை வாங்கு" என்றார். குமாஸ்தா மாமா அப்பாவோடு 28 வருஷம் இருந்தவர். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர். இருந்தும் அந்த நேரத்தில் யாரைப் பார்த்தாலும் எதையோ எடுத்துக்கொண்டு போக வந்தவர் மாதிரியே தெரிந்தது. சாவியைக் கேட்டேன். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துவிட்டு, "பாப்பா, ஜூன்ல கோர்ட் திறக்கும்போது வாய்தா நோட்டை மட்டும் ஒரு தடவை பாக்கணும்" என்றார். பார்க்கலாம் மாமா என்றேன். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிறது, அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் முதல் வாரம் மாமா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். ஒரு தடவை நான் பள்ளிக்குப் போயிருந்தேன். இன்னொரு தடவை வீட்டில் இருந்துகொண்டே, தலைவலி என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

விடுமுறை பற்றி அப்பா கட்சிக்காரர்களிடம் சொல்வது நினைவிருக்கிறது. கோர்ட் மூடியிருந்தாலும் கெடு நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசி நாள் விடுமுறைக்குள் விழுந்தால் மட்டும் திறக்கிற அன்றைக்குத் தாக்கல் செய்யலாம், அவ்வளவுதான். வக்கீல் மகளாக இருந்து இதைக் காதில் வாங்கி என்ன பயன்?

ஜூன் கடைசியில் ஒரு அம்மாள் மகனோடு வந்தார். மதுரை நகருக்குள் அவருக்கு ஒரு சின்ன வீட்டுமனை. சொந்தக்காரர் ஒருவர் அதில் பாத்தியதை கேட்டு மதுரைக் கோர்ட்டில் போட்ட வழக்கில் அப்பா இவருக்காக ஆஜராகி வந்தார். மேலூர் கோர்ட்டில் எல்லோருக்கும் அப்பா போனது தெரியும். அன்றைக்கே வக்கீல் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். மதுரையில் அந்தக் கோர்ட்டில் யாரும் சொல்லவில்லை. ஜூன் 12 வாய்தாவில் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் ஆள் இல்லை, எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒரு தரப்பு வராமலே வழக்கை நடத்துவது. அடுத்த வாய்தாவில் தீர்ப்பும் ஆகிவிட்டது. அந்தத் தேதி மாமாவின் நோட்டில் இருந்தது. மாமா வெளியே, நோட்டு பூட்டின அறைக்குள்ளே. அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அய்யா இருந்தா போன் போட்டுச் சொல்லிருப்பாரு" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் மனைவி காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடக் கூடாது. தீர்ப்பான நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். 30 தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும், ஒவ்வொரு நாளுக்கும் காரணமும் சொல்ல வேண்டி வரும். அப்பாவின் நண்பர் ஒருவர், மூத்த வக்கீல், இறப்புச் சான்றிதழை வைத்து மனு போட்டார். எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை 2,000 கட்டச் சொல்லி ரத்தானது. அந்த 2,000-மும் புது வக்காலத்து, மனுச் செலவும் சேர்த்து 6,500 ரூபாய் நான்தான் கொடுத்தேன். அந்த அம்மாள் வாங்க மாட்டேன் என்றார். பூட்டியது நான் என்று அவருக்குத் தெரியாது. இப்போது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த மூத்த வக்கீல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னவைதான் மிச்சக் காலத்துக்கு எனக்கு வழி. வக்கீல் இறந்தால் அவர் வாங்கிய வக்காலத்தும் அதோடு முடிந்துவிடுகிறது. வழக்கு முடிவதில்லை. கட்சிக்காரர் வேறு வக்கீலுக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது யார் என்பது கட்சிக்காரர் இஷ்டம். குடும்பத்துக்கு அதில் பேச்சில்லை. இதைச் சொல்லக் காரணம், ஒரு இளைஞர் வந்து, "ஆபீஸைக் கட்டுகளோடு எனக்கே கொடுத்திருங்க, ஒரு தொகை தர்றேன்" என்று கேட்டிருந்தார். சித்தப்பாவுக்கு அதில் ஆசை இருந்தது. எனக்கும் அரை மனசு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "கட்டு உங்க அப்பா சொத்து இல்லம்மா. ஃபீஸ் பாக்கிக்காகக்கூட வக்கீல் கட்டைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2000-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நீ எதை விக்கப் போற?" என்று கேட்டார் அவர். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்பாவின் ஃபீஸ் பாக்கி நோட்டில் நிறைய இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. சிலர் தானாகவே கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு மூட்டை நெல் இறக்கிவிட்டுப் போனார்.

மாமாவும் நானும் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணினோம். 118. முதலில் இ-கோர்ட்ஸ் செயலியில் அப்பா பெயரையும் பார் பதிவு எண்ணையும் போட்டுத் தேடினோம். எந்தக் கோர்ட், என்ன நம்பர், அடுத்த வாய்தா எப்போது என்று எல்லாம் வந்துவிடுகிறது. வக்கீலை இழந்த வீட்டில் முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது. அரை மணி நேரம் போதும், கைப்பேசி இருந்தால் போதும். எனக்குத் தெரியாமல் போனது. அப்படித் தேடியதில் 83 நடப்பு வழக்குகள் வந்தன. அப்படியானால் மீதி 35? அதில் பாதி முடிந்துபோன வழக்குகள், அசல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகாமலே விட்டவை. மற்றவை இன்னும் கோர்ட்டுக்கே போகாதவை. இந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவை எந்த இணையதளத்திலும் வராது. ஒரு புரோநோட்டு இருந்தது, 2021 ஜூலையில் எழுதியது. புரோநோட்டுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. மாமா அதை எடுத்துத் தேதியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கட்சிக்காரரைத் தேடிப் பிடித்து, வேறு வக்கீல் மூலம் தாக்கல் செய்தபோது கெடுவுக்கு நாலு நாள் பாக்கி. இரண்டு லட்ச ரூபாய்க் கடன் அது. எனவே கட்டுகளைப் பிரிக்கும்போது கோர்ட் நம்பர் விழாத கட்டுகளை முதலில் பாருங்கள்.

கட்டைத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு அடி வாங்கினேன். மே மாதத்திலேயே ஒருவர் வந்து, எங்கள் கட்டு, எங்கள் பெயர்தான் மேலே இருக்கிறது என்று கேட்டார். பெயர் சரியாக இருந்தது. தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த வழக்கில் மூன்று சகோதரர்கள் சேர்ந்து கட்சிக்காரர்கள். வந்தவர் நடுச் சகோதரர், உள்ளே தாய்ப்பத்திரத்தின் அசல் இருந்தது. மற்ற இருவரும் ஆடியில் வந்து, எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தாய், போலீஸுக்குப் போவோம் என்றார்கள். எழுத்தில் ஒன்றுமே இல்லை, கொடுத்தேன் என்பதற்கு அத்தாட்சியே இல்லை. சங்கத்துப் பெரியவர்கள் பேசி, பத்திரத்தை மூவருக்கும் பொதுவான ஒருவரிடம் வைக்க நாற்பது நாள் ஆனது. அதற்கப்புறம் நூறு பக்க நோட்டு ஒன்று போட்டேன். தேதி, வழக்கு எண், உள்ளே இருக்கிற அசல்கள் எவை, நகல்கள் எவை, வாங்குகிறவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து. ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்காரர் இருந்தால் எல்லோரும் வர வேண்டும், அல்லது மற்றவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதார் நகல் ஒன்று ஒட்டிக்கொள்வேன். அசல் பத்திரம் இருந்தால் அதைக் கையில் பிடித்தபடி அவரை ஒரு போட்டோ. சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை. கட்சிக்காரர் பக்கமிருந்து சொன்னால், வக்கீலிடம் அசல் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வழக்கு முடிந்ததும் திரும்ப வாங்குங்கள். எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு முன்னால் முடிந்த வழக்கின் அசல்கூடப் பரணில் இருந்தது. நம்பிக்கை இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நம்பிக்கை முழுவதும் ஒரே ஆள் மேல் இருந்தது.

பணத்துக்கு வருவோம். மேஜை டிராயரில் பழைய கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் அப்பா கையெழுத்தில் ஒரு பெயரும் தொகையும். கோர்ட் கட்டணத்துக்கு, நகல் மனுவுக்கு என்று வாங்கிச் செலவாகாமல் இருந்தவை. மொத்தம் 43,500 ரூபாய். "காரியச் செலவுக்கு எடுத்துக்க, அவங்களுக்கு ஞாபகமே இருக்காது" என்றார் ஒரு உறவினர். பெயர் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைவிடப் பெரியது டைரியில் இருந்தது. ஒரு கட்சிக்காரர் கிரயப் பாக்கி 1,60,000 ரூபாயைக் கோர்ட்டில் கட்டுவதற்காக ஏப்ரலில் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அப்பா அதைத் தன் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். பாஸ்புக்கிலும் அதே தேதியில் அதே தொகை. ஜூன் கடைசிக்குள் கட்டாவிட்டால் அவருக்குக் கிடைத்த தீர்ப்பே கையை விட்டுப் போகும். ஆனால் கணக்கு முடங்கிவிட்டது, நாமினி கிடையாது. நாலரைப் பவுனை அடகு வைத்துக் கட்டினேன். கணக்குப் பணம் கைக்கு வந்து நகையை மீட்க ஏழு மாதம், வட்டி மட்டும் 11,000-க்குக் கொஞ்சம் மேல். அப்பா மேல் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். அடுத்தவர் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தால் என்ன? அவர் ஒரு பைசா தொட்டிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். பேங்குக்குத் தெரியுமா? வக்கீல்கள் யாராவது படித்தால், கட்சிக்காரர் பணத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். கட்சிக்காரர்களே, கோர்ட்டில் கட்ட வேண்டிய பெரிய தொகையைக் கூடப் போயிருந்து கட்டி ரசீதை வாங்குங்கள்.

ஏழு மாதம் ஏன் ஆனது என்றால், அதுவும் என்னால்தான். பேங்கில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் அம்மா பெயரையும் என் பெயரையும் போட்டு விண்ணப்பித்தேன். விஏஓ விசாரிக்க வீட்டுக்கு வந்தார். உள்ளே கட்டிலில் அப்பத்தா படுத்திருந்தார். "இவங்க யாரு?" என்றார். இறந்தவரோட அம்மா என்றேன். "அப்ப இவங்க பேரு எங்க?" அவ்வளவுதான், மனு திரும்பிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளைப் போலத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிற அப்பத்தாவுக்கும் சமபங்கு. வாழ்நாளெல்லாம் இதைக் கோர்ட்டில் வாதாடியவர் வீட்டில், அவர் மகளுக்கு இது தெரியவில்லை. திருத்திப் புதிதாகப் போட்டு, பெயர் பிழையும் சேர்ந்து இழுத்து, சான்றிதழ் கைக்கு வரும்போது கார்த்திகை. ஒன்று சொல்ல வேண்டும், நாமினி இருந்தாலும் அவர் பணத்தை வாங்கிப் பங்கு வைக்க வேண்டியவர்தான், பொதுவாக முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் நாமினி இருந்தால் பணம் முடங்காமல் வெளியே வரும். எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

நாமினி என்றதும் அம்மா அழுததைச் சொல்லாமல் இருக்க முடியாது. வக்கீல்கள் சேமநல நிதி என்று ஒன்று உண்டு, 1987 சட்டப்படி வந்தது. வக்காலத்தில் ஒட்டும் சேமநல ஸ்டாம்பு அதற்குத்தான். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை வரும். அப்பா உறுப்பினர் என்பதே மாமா சொல்லித்தான் தெரியும். ரசீதுகள் பழைய சட்டப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தன. நாமினி யார் என்று பார்த்தால், அப்பத்தா. அம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "முப்பத்து நாலு வருஷம் சோறு போட்டேன், எம் பேரு ஞாபகம் வரலையா அவருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மாமாதான் தேதியைக் காட்டினார். 1989. கல்யாணம் 1990-ல். கல்யாணத்துக்கு முன்பு எழுதியதை மாற்றாமலே விட்டிருக்கிறார். வருகிற கட்சிக்காரரிடமெல்லாம் "நாமினி போட்டாச்சா?" என்று கேட்கிறவர். கல்யாணம், பிள்ளை, சாவு என்று வீட்டில் ஏதாவது நடந்தால் இருக்கிற எல்லாக் காகிதத்திலும் நாமினியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் சிம்மையும் நிறுத்திவிடாதீர்கள். எல்லா ஓடிபியும் அதில்தான் வரும், அழைக்கிற கட்சிக்காரர்களும் அந்த நம்பருக்குத்தான் அழைப்பார்கள். நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்.

சேமநல நிதி மனுவுக்கு அப்பத்தாவின் கைரேகை வேண்டும். மாமா மைப்பெட்டியைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். நான் அப்பத்தாவின் கட்டைவிரலைப் பிடித்துவிட்டேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலை விட்டுவிட்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். பாதியில் "யாரு செத்ததுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "எம்மகன் காசு எனக்கு எதுக்குத்தா? உங்காத்தாட்ட குடு" என்றார். அதற்குத்தான் அப்பத்தா இந்த ரேகை என்று மிச்சத்தையும் படித்து முடித்துத்தான் வாங்கினேன்.

என் கணக்கில் போனது, சம்பளம் இல்லாத லீவு 23 நாள், வட்டி, அந்த 6,500, அலைச்சல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 45,000 பக்கம். மாமாவின் சம்பள பாக்கி மூன்று மாதம் இருந்தது, அதை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும், ஆவணியில்தான் கொடுத்தேன். இப்போது அவர் அந்த மூத்த வக்கீலிடம் இருக்கிறார். வக்கீல் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் குமாஸ்தாவை உட்கார வைத்துப் பேசுங்கள். சொந்தக்காரர்கள் அப்புறம்.

118-ல் 107 கட்டு போய்விட்டது. ஆபீஸ் அறையைக் காலி செய்து, மிச்சம் பதினொன்றை வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு முகவரியைத் தேடிப் போனோம். வீடு இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. டீக்கடையில் கேட்டதில், பெரியவர் போய் ஆறு வருஷம், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்றார்கள். ஒருவர் நம்பர் தேடிக் கொடுத்தார். இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ராத்திரி ஷிப்டாக இருக்கும் என்றார் மாமா. நாளைக்குக் காலையில் அடிக்க வேண்டும்.